சமமாக விழுந்த வாக்குகள்: ‘ஒரெஸ்டியா’வில் விதியும் குடும்பமும் மீட்சியும்

தாயைக் கொன்ற மகன் ஒருவன் ஏதென்ஸ் நகரத்து மன்றத்தில் நிற்கிறான். நடுவர்களாக அமர்ந்திருப்பவர்கள் அந்த நகரத்துக் குடிமக்கள். வாதம் முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து வந்து கலசத்தில் வாக்கைப் போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். எண்ணிப் பார்த்தால் இரு பக்கமும் சமம். சமமாக விழுந்தால் அவனுக்கே வெற்றி என்று அதீனா தெய்வம் முன்கூட்டியே அறிவித்திருப்பதால் அவன் விடுதலையாகிறான். ஈஸ்கிலஸ் எழுதிய ‘ஒரெஸ்டியா’ என்ற முந்நாடகம் ஏறத்தாழ 3,800 அடிகள் நடந்து வந்து சேரும் இடம் இது. மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் ஓடிய இரத்தத்தை நிறுத்துகிற தீர்ப்பு ஏன் இப்படி நூலிழையில் தொங்க வேண்டும்? அப்போலோவே நேரில் வந்து வாதாடும் வழக்கு இது. ஈஸ்கிலஸ் நினைத்திருந்தால் அவனை ஒருமனதாக விடுவித்திருக்கலாம்.

இந்த நாடகத்தைப் பற்றி எழுதியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் மூன்று. இந்த மனிதர்களை விதி ஆட்டிவைத்ததா, இவர்களே செய்தார்களா? பிள்ளைகளைக் காக்க வேண்டிய குடும்பம் அவர்களையே பலிகொள்வது எப்படி? கடைசியில் கிடைப்பது உண்மையான மீட்சியா, வெறும் ஒப்பந்தமா? மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கும் விடை கிடைக்காது என்று நினைக்கிறேன். சமமாக விழுந்த அந்த வாக்குகளில்தான் மூன்றும் முடிச்சிடப்பட்டிருக்கின்றன. அந்தத் தீர்ப்பு அந்த மகனை, ஒரெஸ்டெஸை, குற்றமற்றவன் என்று சொல்லவில்லை. பழிவாங்கும் உரிமையைக் குடும்பத்தின் கையிலிருந்து பிடுங்கி ஊர்மன்றத்திடம் கொடுக்கிறது. ஈஸ்கிலஸ் மீட்டெடுக்க விரும்பியது அவனைவிடப் பெரிய ஒன்றை.

கி.மு. 458-இல் ஏதென்ஸின் டயோனிசஸ் திருவிழாவில் இந்த நாடகங்கள் அரங்கேறி முதல் பரிசு பெற்றன. ‘அகமெம்னான்’, ‘கொயேஃபொரொய்’, ‘யூமெனிடெஸ்’ என்பவை மூன்று. இரண்டாவதன் பெயருக்குக் கல்லறையில் நீர்க்கடன் செலுத்தும் பெண்கள் என்றும், மூன்றாவதன் பெயருக்கு அருள்மிகு தெய்வங்கள் என்றும் பொருள். இவற்றோடு ‘புரோட்டியுஸ்’ என்ற கேலிநாடகமும் நடிக்கப்பட்டது, அது அழிந்துவிட்டது. கிரேக்கத் துன்பியலில் முந்நாடகமாக முழுமையாக நமக்குக் கிடைத்திருப்பது இது ஒன்றே. அதுகூட நூலிழையில் தப்பியதுதான். இரண்டாம் நாடகத்துக்கு ஆதாரமாக இருப்பது ஃபுளோரன்ஸின் லாரன்ஷியன் நூலகத்தில் உள்ள 10-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றுதான். அதிலும் முதல் ஏடுகள் இல்லை. அரிஸ்டோஃபனீஸ் தன் ‘தவளைகள்’ நகைச்சுவை நாடகத்தில் கிண்டலுக்காக எடுத்தாண்ட சில அடிகளைக் கொண்டுதான் தொடக்கத்தை ஓரளவு ஒட்டவைத்திருக்கிறார்கள்.

அந்த ஆண்டு அரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு இது பழங்கதை மட்டுமல்ல. நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் எஃபியால்டெஸ் என்ற மக்கள் தலைவர், மேட்டுக்குடியின் கோட்டையாக இருந்த ஆரியோபகஸ் மன்றத்தின் அதிகாரங்களைப் பறித்து, கொலை வழக்குகளை மட்டும் அதனிடம் விட்டுவைத்திருந்தார். சிறிது காலத்தில் அவரே கொல்லப்பட்டார். ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. அந்தக் கூட்டத்தின் முன், ஆரியோபகஸ் மன்றம் எப்படித் தோன்றியது என்ற கதையை ஈஸ்கிலஸ் மேடையேற்றுகிறார். மாரத்தான் போரில் நின்று போரிட்டவர், அப்போது அறுபதைக் கடந்தவர். பழிக்குப் பழி என்றால் என்ன என்பதை அவர் புராணத்தில் தேட வேண்டியிருக்கவில்லை.

குடும்பத்திலிருந்து தொடங்குவோம். அத்ரேயுஸ், தியெஸ்டெஸ் இருவரும் உடன்பிறந்தவர்கள். அண்ணன் மனைவியைத் தம்பி வசப்படுத்துகிறான். அண்ணன் சமாதான விருந்துக்கு அழைத்து, தம்பியின் பிள்ளைகளையே கறியாக்கி அவன் முன் வைக்கிறான். என்ன தின்றோம் என்று தெரிந்ததும் தியெஸ்டெஸ் அந்தக் குலத்தையே சபிக்கிறான். அத்ரேயுஸின் மகன் அகமெம்னான். தியெஸ்டெஸுக்கு மிஞ்சிய மகன் அய்கிஸ்தோஸ். டிராய் போருக்குப் புறப்பட்ட அகமெம்னான், கப்பல்களுக்குக் காற்று வேண்டித் தன் மகள் இஃபிகெனியாவைப் பலியிடுகிறான். பத்தாண்டு கழித்து வெற்றியோடு திரும்பும் அவனை மனைவி கிளைதெம்னெஸ்ட்ரா குளியல் தொட்டியில் வெட்டிக் கொல்கிறாள். அய்கிஸ்தோஸ் அவளோடு கூட்டு. அகமெம்னானின் மகன் ஒரெஸ்டெஸ் வளர்ந்து வந்து இருவரையும் கொல்கிறான்.

இதில் ஒவ்வொரு கொலையும் உறவின் பெயரால்தான் நடக்கிறது. யாரும் அந்நியரைக் கொள்ளையடிக்கக் கொல்லவில்லை. தகப்பன் மானத்துக்காக மகன், மகளுக்காகத் தாய், தகப்பனுக்காக மகன் என்று பாசமே கத்தியைக் கூர்தீட்டுகிறது. ‘அகமெம்னான்’ நாடகத்தின் முதல் காட்சியில் அரண்மனைக் கூரைமேல் ஓராண்டாக நாய்போல் படுத்துக் காவல் காக்கும் ஒரு காவல்காரன் பேசுகிறான். டிராய் விழுந்ததை அறிவிக்கும் தீப்பந்தம் தெரிகிறது, துள்ளுகிறான், உடனே அடங்கிவிடுகிறான். இந்த வீட்டுக்கு மட்டும் வாய் இருந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்கிறான். தன் நாக்கின்மேல் மாடு ஒன்று ஏறி நிற்பதாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறான். வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது வேலைக்காரன் வரைக்கும் தெரியும், வெளியே சொல்ல முடியாது. குடும்பக் கொடுமையின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

இனி விதி. அறிஞர்கள் கடுமையாக மோதிக்கொண்ட இடம் அவுலிஸ் துறைமுகம். கப்பல்கள் நகரவில்லை, படை பசியில் கிடக்கிறது, ஆர்டெமிஸ் தெய்வம் மகளைக் கேட்கிறது என்கிறான் குறிசொல்லும் கால்காஸ். பணிய மறுப்பதும் பாரம், பிள்ளையை வெட்டுவதும் பாரம் என்று அகமெம்னான் புலம்புவதைக் கோரஸ் முதியவர்கள் நினைவுகூர்கிறார்கள். பிறகு அவன் கட்டாயத்தின் நுகத்தைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டான் என்று பாடுகிறார்கள். கட்டாயம் என்றால் தேர்வு ஏது? தானே ஏற்றுக்கொண்டான் என்றால் கட்டாயம் ஏது? இந்த ஒரு தொடரைச் சுற்றியே ஒரு நூலகம் எழுந்திருக்கிறது.

1957-இல் வந்த பதிப்பில் டெனிஸ் பேஜ் அகமெம்னானுக்கு வேறு வழியே இருக்கவில்லை என்று வாதிட்டார்: படையெடுப்பு ஜூஸின் ஆணை, கைவிட முடியாது, ஆகவே பலி தவிர்க்க முடியாதது. 1962-இல் ஹியூ லாயிட்-ஜோன்ஸ், அத்ரேயுஸ் குலத்தின் சாபத்தால் ஜூஸே அவன் அறிவை மயக்கினான் என்றார். 1966-இல் ஆல்பின் லெஸ்கி, தெய்வத்தின் கட்டாயத்தையும் மனிதனின் விருப்பத்தையும் ஈஸ்கிலஸ் பிரிக்கவே இல்லை, இரண்டும் ஒரே செயலுக்குள் பின்னிக்கிடக்கின்றன என்று எழுதினார். 1986-இல் மார்த்தா நுஸ்பாம் கேள்வியையே திருப்பினார்: இரண்டு பக்கமும் தீங்கு இருக்கும்போது ஒன்றைத் தேர்ந்தது குற்றமாகாமல் போகலாம், ஆனால் தேர்ந்த பிறகு அவன் மனம் எப்படி மாறியது என்று பாருங்கள் என்றார்.

நுஸ்பாம் சுட்டும் இடம் நாடகத்தில் அப்படியே இருக்கிறது. முடிவெடுத்த கணத்திலிருந்து அகமெம்னானிடம் தயக்கம் மறைந்துவிடுகிறது. ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோல் அவளைப் பலிபீடத்தின்மேல் தூக்கச் சொல்கிறான். அவள் வாயைக் கட்டச் சொல்கிறான். குலத்தின்மேல் சாபச்சொல் ஒன்று விழுந்துவிடக் கூடாது என்பதற்காக. காவி நிற ஆடை தரையில் சரிய, பேச விரும்பும் ஓவியத்துப் பெண்போல், பலியிடுவோர் ஒவ்வொருவர்மேலும் அவள் கண்கள் படிகின்றன. தந்தையின் விருந்துகளில் அந்த ஆண்களுக்கு முன்னால் எத்தனையோ முறை பாடியவள் அவள். அவளுக்கு அவர்கள் பெயர்கள் தெரியும். விதி காற்றைத் தடுத்திருக்கலாம். வாயைக் கட்டச் சொன்னது விதி இல்லை. லெஸ்கியின் விடையை நான் ஏற்கிறேன். ஆனாலும் நுஸ்பாமின் பார்வைதான் நாடகத்தின் உள்ளே அழைத்துச் செல்கிறது. கட்டாயத்தின் அளவை அளந்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டால் அந்தப் பெண்ணின் கண்களை நாம் பார்க்கத் தவறுகிறோம்.

அகமெம்னான் திரும்பி வரும்போது கிளைதெம்னெஸ்ட்ரா செவ்வூதாக் கம்பளங்களை விரித்து, அவற்றின்மேல் நடந்து வரச் சொல்கிறாள். வீட்டுப் பெண்கள் நெய்த, தெய்வங்களுக்கே உரிய துணி அது. மிதிப்பது செருக்கு என்று அவனுக்கே தெரியும், மறுக்கிறான், சிறிது நேரத்தில் இணங்கிவிடுகிறான். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறான், அதில் தவறு குறைந்துவிடும் என்பதுபோல. 1950-இல் மூன்று தொகுதிகளாக விரிவுரை எழுதிய எட்வர்ட் ஃப்ரெங்கல், அவன் பெருந்தன்மையுள்ள கனவான், பெண்ணோடு மல்லுக்கு நிற்க மனமில்லாமல் இணங்கினான் என்று எழுதினார். அந்தப் பேரறிஞரின் வேறு எந்தக் குறிப்பையும்விட இது எனக்கு உடன்பாடில்லாதது. அவுலிஸில் நடந்ததுதான் இங்கே சிறிய அளவில் மறுபடி நடக்கிறது. வீட்டின் விலைமதிப்பற்ற ஒன்றைக் காலடியில் போடச் சொல்கிறார்கள், அவன் தயங்குகிறான், பிறகு நடந்துவிடுகிறான். அந்த ஒற்றுமையைக் கண்ணால் பார்ப்பதற்காகவே அவள் கம்பளத்தை விரித்தாள் என்று தோன்றுகிறது.

கொலைக்குப் பிறகு, உடல்களின் மேல் நின்று கிளைதெம்னெஸ்ட்ரா முதலில் எல்லாவற்றையும் தன் செயல் என்று முழங்குகிறாள். மூன்று வெட்டு என்று எண்ணிச் சொல்கிறாள். கோரஸ் நெருக்கியதும் பேச்சு மாறுகிறது: இதை என் செயல் என்று சொல்லாதீர்கள், அத்ரேயுஸின் விருந்துக்குப் பழிவாங்கும் பழைய பேய்தான் என் உருவில் வந்தது என்கிறாள். அதற்கு முதியவர்கள் சொல்லும் பதில்தான், என் கணிப்பில், மூன்று நாடகங்களிலும் விதியைப் பற்றி வரும் மிகத் தெளிவான வாக்குமூலம்: இந்தக் கொலையில் உனக்குப் பங்கில்லை என்று யார் சாட்சி சொல்வார்? குலத்தின் பேய் உனக்கு உடந்தையாக இருந்திருக்கலாம், அவ்வளவுதான். உடந்தை என்பதால் முதல் குற்றவாளி தப்பிவிட முடியாது. அதே கோரஸ் முன்பே இன்னொன்றும் சொல்லியிருக்கிறது. பெருஞ்செல்வம் தானாகவே பெருந்துயரைப் பெற்றெடுக்கும் என்பது ஊரார் சொல்லும் பழமொழி. என் கருத்து அதிலிருந்து வேறு, தீயசெயல்தான் தன்னைப் போன்ற பிள்ளைகளைப் பெறுகிறது என்கிறார்கள். சாபம் என்று நாம் அழைப்பதை ஈஸ்கிலஸ் ஒரு வம்சாவளியாகவே காண்கிறார். செயல் செயலைப் பெறுகிறது, நடுவில் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு மனிதக் கை இருக்கிறது.

இரண்டாம் நாடகத்தில் இந்தக் கணக்கு இன்னும் இறுகுகிறது. ஒரெஸ்டெஸுக்கு அப்போலோவின் கட்டளை இருக்கிறது: தந்தையைக் கொன்றவர்களைக் கொல், மறுத்தால் தொழுநோயும் பைத்தியமும் உன்னைத் தின்னும். இத்தனை மிரட்டலுக்குப் பிறகு அவன் சொல்வது வியப்பானது. தெய்வவாக்கை நம்பாவிட்டாலும் இதைச் செய்தே ஆக வேண்டும் என்கிறான்; தந்தைக்கான துக்கம், பறிபோன சொத்து, டிராயை வென்ற குடிமக்கள் இப்போது இரண்டு பெண்களுக்கு அடிமைகளாக இருக்கும் அவமானம் என்று காரணங்களை அடுக்குகிறான். அய்கிஸ்தோஸையும் பெண் கணக்கில் சேர்த்துத் தூற்றுகிறான். தெய்வத்தை நீக்கிவிட்டாலும் மிச்சமிருக்கும் காரணங்கள் ஒரு கொலைக்குப் போதும்.

இந்த நாடகத்தில் கிலிசா என்ற செவிலி சிறிது நேரமே வருகிறாள். ஒரெஸ்டெஸ் இறந்துவிட்டான் என்ற பொய்ச்செய்தியைக் கேட்டு, அய்கிஸ்தோஸை அழைத்துவரப் போகிற வழியில் அழுகிறாள். அரசகுலத் துன்பியலில் எதிர்பார்க்கவே முடியாத பேச்சு அது. இரவெல்லாம் கத்தி எழுப்பிய குழந்தை, அதைத் தூக்கிக்கொண்டு அலைந்த அலைச்சல், துணியில் சுற்றியிருக்கும் பிள்ளைக்குப் பசியா, தாகமா, சிறுநீரா என்று வாய்திறந்து சொல்லத் தெரியாது, வயிறு தன்பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துவிடும், நானே வளர்த்தேன், நானே துணியும் துவைத்தேன் என்கிறாள். பெற்றவள் மேடைக்கு உள்ளே இருக்கிறாள். வளர்த்தவள் மேடையில் அழுகிறாள். இன்னும் சிறிது நேரத்தில் கிளைதெம்னெஸ்ட்ரா தன் மார்பைக் காட்டி, பல்முளைக்காத வாயால் நீ பால் குடித்த இடம் என்று மகனிடம் மன்றாடுவாள். அதற்கு முன்பே செவிலியை இங்கே நிறுத்தியிருக்கிறார் ஈஸ்கிலஸ். தாயின் மன்றாட்டு பொய்யாகிவிடுவதில்லை, ஆனால் பாதி வலுவிழந்துவிடுகிறது. ஒரு பாம்பைப் பெற்று அதற்குப் பாலூட்ட, அது பாலோடு இரத்தக்கட்டியையும் உறிஞ்சியதாக அவள் கண்ட கனவையும் நாம் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம்.

மார்பைக் கண்டதும் ஒரெஸ்டெஸ் தளர்கிறான். நண்பன் பிலாடெஸைப் பார்த்து என்ன செய்ய என்கிறான். அதுவரை வாய்திறக்காத பிலாடெஸ் மூன்றே அடிகள் பேசுகிறான்: அப்போலோவின் வாக்கு என்னாவது, உலகமே பகையானாலும் தெய்வங்களைப் பகைத்துக்கொள்ளாதே. பிறகு நாடகம் முடியும்வரை மௌனம். அதைத் தொடர்ந்து தாயும் மகனும் அடிக்கு அடி மோதும் உரையாடலில் விதி நேரடியாக வருகிறது. உன் தந்தையின் சாவில் விதிக்கும் பங்குண்டு மகனே என்கிறாள் அவள். அப்படியானால் உன் சாவையும் விதியே கொண்டுவந்திருக்கிறது என்கிறான் அவன். அவள் விதியைச் சாக்காகப் பிடித்துக்கொண்டாள். அதே சாக்கை அவனும் கையில் எடுத்த கணத்தில் அவள் உயிர் போய்விட்டது. கொன்றபின் அவன் அவளைப் போலவே இரண்டு உடல்களின்மேல் நிற்கிறான், தந்தையைச் சுற்றிய அதே துணியை விரித்துக் காட்டி நியாயம் பேசுகிறான். மேடைக்காட்சியே முந்தைய நாடகத்தின் நகல். சிறிது நேரத்தில் அவன் கண்ணுக்கு மட்டும், பாம்புகள் பின்னிய கூந்தலோடு, எரினியெஸ் எனும் பழிதெய்வங்கள் தெரிகின்றன, பதறி ஓடுகிறான். அவன் தன்னைத் தாயைவிடத் தூயவன் என்று நினைக்க முடியாதபடி ஈஸ்கிலஸ் காட்சியை அமைத்திருக்கிறார்.

மூன்றாம் நாடகத்தில் மீட்சி பற்றிய கேள்வி தொடங்குகிறது. அதற்கு முதலில் கிடைக்கும் விடை சடங்கு. டெல்ஃபியில் அப்போலோ பன்றிக்குட்டியின் இரத்தத்தால் ஒரெஸ்டெஸுக்குத் தீட்டுக் கழிக்கிறான். அவனும் தன் கை சுத்தமாகிவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். ஆனால் பழிதெய்வங்கள் விடுவதில்லை. கடல் தாண்டித் துரத்துகின்றன. தீட்டு கழிந்தாலும் பழி கழியவில்லை. இது எளிதில் கடந்துபோகக் கூடிய இடமல்ல. டெல்ஃபி என்றால் கிரேக்க உலகம் முழுவதும் தலைவணங்கிய பீடம். அதன் சடங்குக்கு எல்லை உண்டு என்று ஏதென்ஸின் திருவிழாவில், தெய்வத்துக்கான நாடகத்தில், வெளிப்படையாகச் சொல்கிறார் ஈஸ்கிலஸ்.

இரண்டாவது விடை வழக்கு. ஏதென்ஸுக்கு வந்து அடைக்கலம் கேட்கும் ஒரெஸ்டெஸின் வழக்கைத் தீர்க்கத் தான் ஒருத்தி போதாது என்கிறாள் அதீனா. தெய்வமே இப்படிச் சொல்லிக் குடிமக்களை நடுவர்களாக அமர்த்துவது அன்றைய பார்வையாளர்களுக்கு எத்தகைய பெருமிதத்தைத் தந்திருக்கும்! விசாரணையில் பழிதெய்வங்கள் ஓர் இக்கட்டில் மாட்டுகின்றன. கணவனைக் கொன்ற கிளைதெம்னெஸ்ட்ராவை ஏன் துரத்தவில்லை என்ற கேள்விக்கு, கணவன் இரத்த உறவில்லை என்பது அவற்றின் பதில். அப்போலோ பதிலுக்கு இன்னும் மோசமான வாதத்தை வைக்கிறான்: தாய் பெற்றோரே அல்ல, விதையைக் காக்கும் மண் மட்டுமே, தந்தைதான் பெறுபவன், சான்று வேண்டுமானால் தாயில்லாமல் பிறந்த அதீனாவே இதோ. அதீனாவும் தனக்குத் தாயில்லை, எல்லாவற்றிலும் ஆண் பக்கமே நிற்கிறேன் என்று சொல்லித் தன் வாக்கைப் போடுகிறாள்.

1861-இல் பாகோஃபென் இந்தக் காட்சியைத் தாயுரிமை வீழ்ந்து தந்தையுரிமை வென்ற வரலாற்றுத் தருணத்தின் சுவடு என்று வாசித்தார். தன் குடும்பம், தனிச்சொத்து, அரசு பற்றிய நூலின் நான்காம் பதிப்புக்கு 1891-இல் எழுதிய முன்னுரையில் எங்கெல்ஸ் அந்த வாசிப்பை விரிவாகப் பாராட்டினார். அதன்வழி அது இடதுசாரி வட்டங்களில் உலகெங்கும் பரவியது. அப்படி ஒரு தாயுரிமைக் காலம் கிரேக்கத்தில் இருந்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை. 1978-இல் ஃப்ரோமா ஸீட்லின் எழுதிய கட்டுரை இன்னும் கூர்மையானது. வரலாற்றை விட்டுவிடுங்கள், இந்த நாடகமே பெண்ணை இருளோடும் பழமையோடும், ஆணை ஒளியோடும் சட்டத்தோடும் இணைத்து அடுக்கடுக்காக ஒரு கட்டுமானத்தை எழுப்புகிறது, முடிவு அதன் உச்சி என்று காட்டினார். இதை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அப்போலோவின் வாதத்தைக் கேட்ட மனித நடுவர்களில் குறைந்தது பாதிப் பேர் அதை ஏற்கவில்லை. அதீனாவின் வாக்கோடு சேர்ந்து சமமானதா, அதைச் சேர்க்காமலே சமமா என்பதில் அறிஞர்களுக்குள் தீராத சச்சரவு உண்டு. முதல் கணக்கின்படி மனிதர்களில் பெரும்பான்மையே அவனைத் தண்டிக்க நினைத்தது என்றாகிறது. எப்படி எண்ணினாலும், தாய் பெற்றோர் அல்ல என்ற வாதம் மனிதர்களிடம் வெற்றிபெறவில்லை.

விடுதலை பெற்றதும் ஒரெஸ்டெஸ் நன்றி சொல்லி, தன் ஊரான ஆர்கோஸ் என்றும் ஏதென்ஸுக்கு நண்பனாக இருக்கும் என்று வாக்களித்துவிட்டு வெளியேறுகிறான். அது 777-ஆம் அடி. நாடகம் அதற்குப் பிறகும் ஏறத்தாழ 270 அடிகள் ஓடுகிறது, அதாவது நாலில் ஒரு பங்குக்கும் மேல். யார் பெயரால் முந்நாடகமே அழைக்கப்படுகிறதோ அவன் போய்விட்டான். அவனைப் பற்றிய பேச்சும் முடிந்துவிட்டது. மேடையில் இருப்பவை தோற்றுப்போன பழிதெய்வங்கள். மண்ணை மலடாக்குவோம், கருவைக் கருக்குவோம் என்று கொதிக்கின்றன. அதீனா அவற்றிடம் நீங்கள் தோற்கவில்லை, வாக்குகள் சமம் என்கிறாள். முதல் பத்தியில் கேட்ட கேள்விக்கு நாடகமே தரும் விடை இங்கே இருக்கிறது. ஒருமனதான தீர்ப்பு வந்திருந்தால் இந்த ஒரு சொல்லை அவளால் சொல்லியிருக்க முடியாது. தோற்றவர்களுக்கு ஊரில் இடமிருக்க வேண்டுமானால் தீர்ப்பு அவர்களை அவமதிக்கக் கூடாது.

ஜூஸின் இடி வைத்திருக்கும் அறையின் சாவி எனக்குத் தெரியும் என்று ஒருமுறை கோடிகாட்டிவிட்டு, அதைப் பயன்படுத்தாமல் அதீனா பேச்சால் இணங்கவைக்கிறாள். பழிதெய்வங்கள் ஒரே புலம்பலை மாற்றாமல் திரும்பப் பாடுகின்றன, அவள் மறுபடி பேசுகிறாள், மறுபடி புலம்பல். அவள் பொறுமை இழப்பதில்லை. கடைசியில் எங்களுக்கு என்ன இடம் தருவாய் என்று அவை கேட்கின்றன. குன்றின் அடியில் வீடு, திருமணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் முன்னால் முதல் படையல். சபித்த வாய்கள் வாழ்த்துகின்றன. உள்நாட்டுச் சண்டை இந்த ஊரில் வேண்டாம், மண் குடிமக்களின் இரத்தத்தைக் குடிக்க வேண்டாம் என்று பாடுகின்றன. செந்நிற மேலாடை போர்த்தி, தீவட்டி ஏந்தி, அவற்றை ஊர்வலமாக அழைத்துப் போகிறார்கள்.

2016-இல் வெளிவந்த சினமும் மன்னிப்பும் பற்றிய நூலை மார்த்தா நுஸ்பாம் இந்தக் காட்சியிலிருந்துதான் தொடங்குகிறார். பழிதெய்வங்கள் கூண்டில் அடைக்கப்படவில்லை, அவற்றின் இயல்பே மாறிவிட்டது, மோப்பம் பிடிக்கும் நாய்கள் பகுத்தறியும் குடிகளாகிவிட்டன என்கிறார். ஓரளவு உண்மை. ஆனால் நாடகத்தில் அச்சம் முழுதாக விரட்டப்படவில்லை. ஆட்சியற்ற நிலையும் வேண்டாம், சர்வாதிகாரமும் வேண்டாம், அஞ்சத்தக்கது ஒன்று ஊருக்குள் இருக்கட்டும் என்று அதீனா மன்றத்தை நிறுவும்போது சொல்கிறாள். சற்று முன்பு கிட்டத்தட்ட அதையேதான் பழிதெய்வங்களும் பாடியிருந்தன. எதிராளியின் கொள்கையை வாங்கித்தான் அவள் தன் மன்றத்தைக் கட்டுகிறாள். மீட்கப்பட்டது வஞ்சம்; அது அழியாமல், வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து, ஊர் முழுவதற்குமான காவலாகிறது.

பின்வந்தவர்களில் பலர் இந்த முடிவை நம்பவில்லை. யூஜின் ஓ'நீல் 1931-இல் கதையை அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவுக்குக் கொண்டுபோனார்; அங்கே மன்றமும் இல்லை தெய்வமும் இல்லை, ஒரெஸ்டெஸின் சகோதரி எலெக்ட்ராவின் இடத்தில் இருக்கும் லவீனியா ஜன்னல்களை அறைந்து மூடச் சொல்லிவிட்டு, இறந்தவர்களோடு வாழ வீட்டுக்குள்ளேயே போய்விடுகிறாள். 1943-இல் ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில் சார்த்தர் எழுதிய ‘ஈக்கள்’ நாடகத்தில் ஒரெஸ்டெஸ் வருந்த மறுக்கிறான். செய்தது என் செயல் என்று ஏற்றுக்கொண்டு ஊரின் ஈக்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறான். மாறாக, பசோலினி பழிதெய்வங்களின் மாற்றத்தையே பற்றிக்கொண்டார். விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகள் பழைய உலகை அழிக்காமல் புதியதற்குள் கொண்டுவர முடியுமா என்று கேட்டு 1970-இல் ஓர் ஆவணப்படக் குறிப்பை எடுத்தார். அதிலேயே ரோமில் படித்த ஆப்பிரிக்க மாணவர்கள் அவருடைய ஒப்பீட்டை எதிர்த்துப் பேசுவதையும் வெட்டாமல் வைத்தார். தென்னாப்பிரிக்காவின் யயெல் ஃபார்பர் எழுதிய ‘மொலோரா’, உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் விசாரணை மேசையைச் சுற்றி அமைகிறது. கோசா மொழி பேசும் கிராமப் பெண்களே கோரஸ், இறுதியில் கொலை நடப்பதில்லை. ஈஸ்கிலஸ் கொலைக்குப் பின் தேடியதை ஃபார்பர் கொலைக்கு முன்பே கேட்கிறார்.

எனக்கு ஆறாத குறை ஒன்று இருக்கிறது. ‘யூமெனிடெஸ்’ நாடகத்தில் இஃபிகெனியாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிளைதெம்னெஸ்ட்ராவின் ஆவி பேசுகிறது, மகளைச் சொல்லவில்லை. பழிதெய்வங்கள் தாயின் வழக்கை வாதாடுகின்றன, அவளுடைய வலுவான ஒரே காரணத்தை எடுக்கவில்லை. இரண்டாம் நாடகத்திலேயே எலெக்ட்ரா ஒருமுறை, இரக்கமின்றிப் பலியிடப்பட்ட சகோதரி என்று சொல்லிக் கடந்துவிடுகிறாள். முதல் நாடகத்தில் வாய் கட்டப்பட்ட பெண் மூன்றாவதில் பெயரும் இழந்துபோகிறாள். இதை ஆசிரியரின் மறதி என்று சொல்ல முடியாது. அவள் பெயர் மன்றத்தில் ஒலித்திருந்தால் சமநிலை கலைந்திருக்கும். அந்த அளவுக்கு இந்த மீட்சி ஒரு விலக்கலின்மேல் நிற்கிறது. இன்றைய இயக்குநர்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள். 1990-இல் பாரிஸில் அரியான் நூஷ்கின் கதகளியின் ஒப்பனையும் அசைவும் கலந்து இந்தத் தொகுதியை மேடையேற்றியபோது, முன்னால் யூரிப்பிடீஸின் அவுலிஸ் நாடகத்தைச் சேர்த்தார். பார்வையாளர் அவளைச் சந்தித்த பிறகுதான் கிளைதெம்னெஸ்ட்ராவைச் சந்தித்தார்கள். 2015-இல் லண்டனில் ராபர்ட் ஐக்கும் அவளுடைய சாவையே முதல் அங்கமாக்கினார்.

ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்பே, ஈஸ்கிலஸ் இறந்து ஐம்பது ஆண்டுகளுக்குள், யூரிப்பிடீஸ் இந்தக் குறையைத் தொட்டுவிட்டார். அவருடைய ‘தௌரியில் இஃபிகெனியா’வில் ஒரெஸ்டெஸ் தன் கதையைச் சொல்கிறான்: தீர்ப்பு வந்தது, வாக்குகள் சமம், பழிதெய்வங்களில் சில இணங்கி அங்கேயே குடியமர்ந்தன, மற்றவை இணங்கவில்லை, இன்னும் என்னைத் துரத்துகின்றன. விடுபட வேண்டுமானால் கருங்கடல் கரையில் உள்ள ஆர்டெமிஸ் சிலையைக் கொண்டு வா என்கிறான் அப்போலோ. அங்கே பூசாரியாக இருப்பவள் இஃபிகெனியா. பலிபீடத்தில் மானை வைத்துவிட்டுத் தெய்வம் அவளைத் தூக்கிச் சென்றிருந்தது. வரும் அந்நியர்களைப் பலிக்குத் தயார்செய்வது அவள் வேலை. தம்பி என்று தெரியாமல் அவனையும் தயார்செய்கிறாள். ஊருக்கு அனுப்ப வைத்திருந்த கடிதத்தை, தொலைந்தாலும் செய்தி போய்ச்சேரட்டும் என்று பிலாடெஸுக்கு வாய்விட்டுச் சொல்கிறாள், தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறான். இந்தக் குடும்பத்தின் கதையில் வெட்டுவதற்காகக் கொண்டுவந்த இரத்த உறவை வெட்டாமல் நிறுத்துபவள் அவள் ஒருத்திதான். தப்பிச் செல்வதற்கான திட்டமும் அவளுடையதே. நீதிமன்றத்தில் சமமாக விழுந்த வாக்குகளால் தீர்க்க முடியாமல் போன மிச்சத்தைத் தீர்க்க, வழக்கிலிருந்து விடுபட்ட பெண்ணிடமே அவனை அனுப்ப வேண்டியிருக்கிறது யூரிப்பிடீஸுக்கு.